தங்மர்க்கில் சொன்ன பொய்

காஷ்மீரில் என் அக்கா மலைமேல் நிலைகுலைந்து விழுந்ததற்கு டிரைவர்தான் காரணம் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். காரணமும் நான்தான்.

எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் என்னைத்தான் கேட்பார்கள். வேலை நிமித்தமாக வடக்கே சில வருடங்கள் இருந்தவன். இந்தி தெரியும். எந்த ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்பது வரை சொல்வேன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ள எதையும் செய்வேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. ஸ்ரீநகரில் டூலிப் பூக்களைப் பார்க்க வேண்டும். ஜபர்வன் மலையடிவாரத்தில், 2007-ல் திறந்த தோட்டம். மார்ச் கடைசியில் பூக்க ஆரம்பித்தால் ஏப்ரல் மூன்றாவது வாரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அவள் ஆசைக்காகத்தான் ஏப்ரலில் தேதி குறித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

குல்மர்க் என் ஆசை. அங்கே கேபிள் கார் இரண்டு கட்டமாகப் போகிறது. முதல் கட்டம் கொங்டூரி வரை, இரண்டாவது கட்டம் அபர்வத் மலை வரை. டிக்கெட்டை ஆன்லைனில் பெயர், தேதி போட்டு முன்கூட்டியே வாங்க வேண்டும். சீசனில் இரண்டாம் கட்ட டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். எனக்குக் கிடைத்தது ஸ்ரீநகர் போய் இறங்கும் நாளுக்கு மறுநாள். விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அந்த டிக்கெட்டைச் சுற்றியே மொத்தப் பயணத்தையும் அமைத்தேன். டூலிப் தோட்டத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளினேன்.

சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது. ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர். குல்மர்க் சுமார் 2,650. அபர்வத் நிலையம் 3,900 மீட்டருக்கும் மேலே. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். உடம்பு பழக அவகாசம் கொடுக்காமல் ஏறினால் தலைவலி வரும், குமட்டும், மூச்சு வாங்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். உயரங்களை எக்செல் ஷீட்டில் ஒரு நெடுவரிசையாகவே போட்டு வைத்திருந்தேன். அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கிளம்புவதற்கு முன் அக்கா போன் செய்தாள். அவள் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். "மாடி ஏறினாலே மூச்சு வாங்குது தம்பி. டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?" என்றாள். "நடக்கவா போறோம் அக்கா? உட்கார்ந்துக்கிட்டேதானே மேலே போறோம்" என்றேன். டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவள் உடம்புக்காக அல்ல, என் திட்டத்துக்காக.

ஸ்ரீநகரிலிருந்து குல்மர்க் ஐம்பது கிலோமீட்டர். தங்மர்க்கில் சமவெளி முடிந்து ஏற்றம் ஆரம்பிக்கிறது. பனிக்கு ரப்பர் பூட்ஸும் நீளக் கோட்டும் வாடகைக்குத் தரும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். நடுத்தர வயதுக்காரர். அளந்து பேசுகிறவர். காரில் ஏறியதிலிருந்து அக்கா மூச்சு விடுவதைக் கண்ணாடியில் கவனித்திருக்கிறார். என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. எல்லோருக்கும் எதிரில், மரியாதையாக இந்தியில் சொன்னார்: "அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத மாதிரி தெரிகிறது. நேற்றுத்தான் வந்திருக்கிறீர்கள். இன்று திரும்பி, இரண்டு நாள் ஏரிப் பக்கம் தோட்டங்களைப் பாருங்கள். பிறகு வரலாம். இன்றே போவதென்றால், அம்மா முதல் கட்டத்தோடு இறங்கட்டும்."

நான் அவரை நம்பவில்லை. திரும்பிப் போகச் சொல்வது ஷிகாரா படகிலும் சால்வைக் கடையிலும் கமிஷன் பார்ப்பதற்குத்தான் என்று முடிவு கட்டினேன். இந்த ஊர்க்காரர்கள் ஏமாற்றுவார்கள் என்று ஊரிலேயே தீர்மானித்துவிட்டு விமானம் ஏறியவன் நான்.

அக்காவுக்கு இந்தி தெரியாது. கூட வந்த என் மனைவிக்கும் தெரியாது. "என்ன சொல்றார்?" என்று அக்கா கேட்டாள்.

"பூட்ஸ் இங்கேயே வாடகைக்கு எடுத்துக்கச் சொல்றார்" என்றேன்.

யோசிக்காமல் வாயில் வந்த வார்த்தை அல்ல இது. அவர் பேசி முடிப்பதற்குள்ளேயே இதைத் தயார் செய்துவிட்டேன். அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தாள். இறங்கிப் போய்க் காலுக்குச் சரியான பூட்ஸைப் பார்த்து எடுத்தாள். தான் சொன்னதைக் கேட்டும் அவள் மேலே போகத் தயாராகிறாள் என்று அவர் நினைத்திருப்பார். அவர் அதற்குமேல் பேசவில்லை.

கொங்டூரியில் இரண்டாம் கட்டத்துக்கு நீண்ட வரிசை. பனியில் பட்ட வெயில் கண்ணைக் கூசவைத்தது. அக்கா தலையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இங்கேயே இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க." நான் சொன்னேன்: "உன் டிக்கெட் வீணாயிடும் அக்கா." அவள் வாழ்நாள் முழுக்கச் சிக்கனமாகக் குடும்பம் நடத்தியவள். வீண் என்ற சொல்லுக்கு அவள் மறுப்புச் சொல்ல மாட்டாள். அது தெரிந்துதான் அந்தச் சொல்லைப் போட்டேன்.

மேலே நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அவளுக்கு உதடு நீலம் பாரித்தது. வாந்தி எடுத்தாள். கால் மடிந்து பனியில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாள். அங்கிருந்த பணியாளர்கள் ஓடி வந்து தூக்கி, வரிசையை நிறுத்தி, அடுத்த பெட்டியிலேயே எங்களைக் கீழே அனுப்பினார்கள்.

குல்மர்க்கில் கார் நிற்கும் இடம் கேபிள் கார் நிலையத்திலிருந்து தள்ளி. டிரைவரை அழைக்க என் போன் உதவவில்லை. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. அதுவும் தெரிந்ததுதான். தங்குமிட வைஃபை போதும் என்று விட்டிருந்தேன். ஆனால் அவர் வாசலிலேயே நின்றிருந்தார். சந்தேகப்பட்டு முன்பே நடந்து வந்து காத்திருக்கிறார். யாரிடமோ காஷ்மீரியில் பேசி வண்டி பிடித்தார். ஆக்சிஜன் கொடுக்கும் இடத்துக்கு அவர்தான் கூட்டிப்போனார். மாலைக்குள் அக்கா கண் திறந்து பேசினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர்.

இரவு டால் ஏரியில் படகு வீட்டில் இருந்தோம். அக்கா மகன் பெங்களூரிலிருந்து வாட்ஸப்பில் கூப்பிட்டான். பயணத்துக்குப் பணம் கட்டியவன் அவன். "என்ன மாமா ஆச்சு? வந்த மறுநாளே எதுக்கு அவ்வளவு உயரம்?" என்றான். "டிரைவர்தான் இன்னைக்கே போயிடலாம்னு அவசரப்படுத்தினான்" என்றேன். சொல்லும்போது குரல்கூடத் தடுமாறவில்லை.

அவன் டிராவல்ஸில் புகார் செய்தான். மறுநாள் காலை வேறொருவர் வண்டி கொண்டுவந்தார். பழையவரை எடுத்துவிட்டார்களாம். டூலிப் பூக்கும் அந்தச் சில வாரங்களில் சம்பாதிக்கக் காத்திருப்பவர்கள் அந்த டிரைவர்கள். அவர் பிழைப்பில் எவ்வளவு மண்ணைப் போட்டேன் என்று எனக்குத் தெரியாது. அக்கா டூலிப் பார்க்கவில்லை. மீதி நாளெல்லாம் படகு வீட்டில் படுத்திருந்தாள்.

சில மாதங்கள் கழித்து டிராவல்ஸுக்குப் போன் செய்து அவர் எண்ணைக் கேட்டேன். இப்போது எங்களிடம் இல்லை என்றார்கள். எதற்கு என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. "சும்மாதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இந்தப் பத்திரிகை அக்கா வீட்டுக்கு வருகிறது. அச்சில் வருவதற்கு முன் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். எனக்கு இப்போதும் பயம்தான். ஆகவே அக்கா இதை எல்லோரையும் போலப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். இதுவும் நான் அவளுக்குச் செய்கிற அநியாயம்தான்.