பாலத்தின் மேல் நான்கு நிமிஷம்

கவிதையை மேடையில் வாசிக்கக் கூடாது என்று நாற்பது வருஷங்களாகச் சொல்லிக்கொண்டு வந்தவன் நான். கவியரங்கங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பிடிவாதத்தின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. ஒரு வரியை இரண்டு தடவை சொல்லி, கைதட்டலுக்கு இடம் விட்டு, அது வராவிட்டால் மூன்றாவது தடவையும் சொல்லி, நடுவில் தலைவரை விளித்து, தலைவரும் புன்னகைத்து - கவிதை அங்கே ஒரு சாக்கு. 1959-இல் 'எழுத்து' தொடங்கிவைத்த காரியத்துக்கு வாரிசுகளாக எங்களை நாங்களே நியமித்துக்கொண்டிருந்தோம். கவிதை தனியே, கண்ணால், ஓசைப்படாமல் படிக்கப்பட வேண்டியது என்பது எங்களுக்கு ஒரு சித்தாந்தமாகவே இருந்தது. அப்படிப்பட்டவன் ஒரு ஆகஸ்ட் மாத இரவில், வட மாசிடோனியாவில், ஸ்ட்ரூகா என்ற சிறிய ஊரில், நதிப் பாலம் ஒன்றின் மேல் ஒலிபெருக்கி முன் நின்று கவிதை வாசித்தேன். இதை வாக்குமூலம் என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஸ்ட்ரூகா கவிதை மாலைகள் 1961-இல் உள்ளூர்க் கவிஞர்களின் கூட்டமாக ஆரம்பித்து, 1966-இலிருந்து சர்வதேச விழாவாக நடந்து வருகிறது. 'தங்க மாலை' விருதை 1971-இல் ஆடனுக்கும், 1972-இல் நெருடாவுக்கும், 1973-இல் மொந்தாலேக்கும் கொடுத்தார்கள். 1983-இல் அக்ஞேயருக்கு. 1943-இல் 'தார் சப்தக்' தொகுத்து ஹிந்திக் கவிதையைத் திசை திருப்பிய மனிதர், நாற்பது வருஷங்கள் கழித்து இந்த ஏரிக்கரைக்கு வந்திருக்கிறார் என்பதே என்னை இங்கே வரச் சம்மதிக்க வைத்தது என்று சொன்னால் பாதி நிஜம். மீதிப் பாதி, எழுபது வயதில் யாராவது கூப்பிட்டால் வரும் சபலம்.

நான் சொல்ல வந்தது கடைசி நாளைப் பற்றி. காலையில் மிலாடினோவ் சகோதரர்களின் வீட்டைப் பார்க்கப் போனேன். தம்பி கான்ஸ்டன்டின் 1830-இல் இந்த ஊரில் பிறந்தவர். மாஸ்கோவில் படிக்கப் போய், அந்தக் குளிரில் ஊரை நினைத்து, 'தெற்கை நினைந்த ஏக்கம்' என்று பொருள்படும் ஒரு கவிதை எழுதினார். விழா ஒவ்வொரு வருஷமும் அந்தக் கவிதையோடுதான் தொடங்குகிறது. அண்ணன் டிமிதர் பள்ளிக்கூட வாத்தியார். இருவரும் சேகரித்த நாட்டுப் பாடல்கள் 1861-இல் ஸாக்ரெபில் புத்தகமாக வந்தன. அடுத்த ஆண்டு ஜனவரியில் இருவரும் கான்ஸ்டான்டிநோபிளில், ஒட்டோமான் சிறையில் இறந்துபோனார்கள். புத்தகத்தின் தலைப்பில் 'பல்கேரிய' என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல் யாருக்குச் சொந்தம், அந்தப் பாடல்கள் யாருடையவை என்ற சண்டை இரண்டு நாடுகளுக்கிடையே இன்னும் ஓயவில்லை. மாசிடோனிய மொழிக்கு எழுத்தும் இலக்கண வரம்பும் முறையாக வகுக்கப்பட்டது 1945-இல்தான். நம்மவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாயிரம் வருஷத்துக் கணக்குச் சொல்லும் மொழியில் எழுதும் நான் முந்நூறு பிரதி அச்சிட்டு அதில் நூறைப் பரணில் வைத்திருக்கிறேன். இவர்கள் தங்கள் முதல் கவிஞன் ஒருவனின் ஒரு கவிதையை வருஷா வருஷம் ஊர் கூடிக் கேட்கிறார்கள்.

பத்து மணிக்குக் கருத்தரங்கு, மொழிபெயர்ப்பைப் பற்றி. இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மொழிபெயர்ப்பைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் உலகம் முழுவதும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். மொழிபெயர்ப்பு ஒரு பாலம் என்றார் ஒருவர். ஜன்னலுக்கு வெளியே நிஜமான பாலம் வேறு தெரிந்துகொண்டிருந்ததால், அடுத்துப் பேசிய மூவராலும் அதைத் தவிர்க்க முடியவில்லை. நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓஹ்ரித் ஏரி இருநூற்றெண்பது மீட்டருக்கு மேல் ஆழம் கொண்டது. ஐரோப்பாவின் மிகப் பழைய ஏரிகளில் ஒன்று. அதிலிருந்து டிரிம் நதி புறப்படும் இடத்தில் ஊர் இருக்கிறது. நதி ஏரியில் போய்ச் சேரும் என்றே நினைத்துப் பழகியவனுக்கு, ஏரியிலிருந்து நதி கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

மதியச் சாப்பாட்டின்போது என் கவிதையை மாசிடோனியத்தில் ஆக்கிய பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. தமிழ் தெரியாது. ஆங்கிலத்திலிருந்து செய்தது. ஆங்கிலமோ நான் செய்தது, ஆகவே குற்றம் இருந்தால் அது என்னுடையது. கவிதையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பத்தொன்பது வரி. ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வழிப்போக்கன் வந்து படுக்கிறான். விடியுமுன் எழுந்து போய்விடுகிறான். சுவரில் அவன் தலை சாய்த்திருந்த இடத்தில் எண்ணெய்க் கறை. பொங்கலுக்குப் பொங்கல் அப்பா வெள்ளையடிக்கிறார். கறை மறுபடி வருகிறது. அவ்வளவுதான். முப்பது வருஷங்களுக்கு முன் ஒரு சிறு பத்திரிகையில் வந்தது. படிமம் நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேர் கார்டு போட்டார்கள். அந்நியமாதலை இது சொல்கிறது என்று ஒரு விமர்சகர் எழுதினார். அந்தக் காலத்தில் எல்லாமே அந்நியமாதலைச் சொல்லின.

'திண்ணை'யை நான் ஆங்கிலத்தில் வராந்தா ஆக்கியிருந்தேன். வேறு என்ன செய்வது? அவள் அதை 'சார்டக்' ஆக்கியிருந்தாள். சார்டக் என்றால் என்ன என்று கேட்டேன். காகிதத்தில் படம் வரைந்து காட்டினாள். பழைய வீடுகளில் மாடியில், தெருவைப் பார்த்தாற்போல், மரத்தூண்களோடு திறந்திருக்கும் இடம். வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து நூல் நூற்பதும் தைப்பதும் அங்கே. "எங்கள் பாட்டுகளில் நிறைய வரும். பெண் சார்டக்கில் நிற்பாள், பையன் கீழே தெருவில் போவான்" என்றாள். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். திண்ணை வீட்டுக்கு வெளியே இருப்பது. தெருவுக்குப் பாதி சொந்தம். யார் என்று கேட்காமல் ஒருவன் வந்து படுக்கலாம். அதுதான் அந்தக் கவிதை. சார்டக்குக்குப் போக வேண்டுமென்றால் வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, படியேற வேண்டும். யாரோ கதவைத் திறந்துவிட வேண்டும். என் வழிப்போக்கனை இவள் வீட்டுக்குள்ளே, மாடியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டாள். மாற்ற முடியுமா என்று கேட்டேன். வாசிக்கப் போகும் நடிகரிடம் பிரதி போய்விட்டது, ஆனாலும் சொல்லிப் பார்க்கிறேன், எந்தச் சொல்லைப் போடட்டும் என்றாள். எனக்குத் தெரியவில்லை. இருக்கட்டும் என்றேன்.

இரவு பாலத்தில் விளக்குகள் போட்டிருந்தார்கள். இரண்டு கரையிலும் ஜனங்கள். குழந்தைகளை இடுப்பில் வைத்திருந்த பெண்கள், சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த கிழவர்கள், அல்பேனிய மொழி பேசும் இளைஞர்கள். இவ்வளவு பேர் ஏன் வருகிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. அவர்களுக்கும் அது ஒரு கேள்வியாகத் தோன்றியிருக்காது. கவிஞன் தன் மொழியில் வாசிப்பான், பிறகு நடிகர் ஒருவர் மாசிடோனியத்தில். எனக்கு நான்கு நிமிஷம்.

ராகமில்லாமல், ஏற்ற இறக்கமில்லாமல், தபால் படிப்பதுபோல் வாசித்துவிட்டு இறங்குவது என்று தீர்மானித்திருந்தேன். மூன்றாவது வரியிலேயே அது கைநழுவிப் போயிற்று. ஒரு சொல்கூடப் புரியாத கூட்டத்தின் முன் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கையில் இருப்பது சப்தம் ஒன்றுதான். என் குரலில் ஏறியது ஐந்தாம் வகுப்பு வாத்தியார் செய்யுளை ஒப்பிக்கச் சொல்லிக் கொடுத்த அந்த இழுப்பு. நான் வெறுத்து ஒதுக்கியதாக நினைத்திருந்தது அறுபது வருஷமாக உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 'எண்ணெய்' என்ற சொல்லின் இரட்டிப்பில் நாக்கு நின்று போவதை நான் அன்றுதான் கேட்டேன். எழுதியபோது கேட்டேனா? கேட்காமலா எழுதியிருப்பேன்? கூட்டம் அமைதியாக இருந்தது. மரியாதைக்காக இருக்கலாம்.

பிறகு நடிகர் வாசித்தார். நல்ல கனத்த குரல். 'சார்டக்' என்ற சொல் வந்தபோது இடது கரையில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. என் கவிதைக்கு இதுவரை எங்கேயும் கிடைக்காத சலசலப்பு. அது என் கவிதைக்குக் கிடைத்தது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இறங்கி வந்ததும், தலையில் கறுப்புத் துணி கட்டிய கிழவி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். மொழிபெயர்த்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள், அப்பாவுக்குத் தெரிந்துவிட்டதா என்று கேட்கிறார்." எந்தப் பெண்? கவிதையில் பெண்ணே இல்லை என்று சொல்லச் சொன்னேன். கிழவி நம்பவில்லை. பெண் இல்லாவிட்டால் அப்பா எதற்காக வருஷா வருஷம் அந்தச் சுவரை அடித்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கோபம்தான் வந்தது. ஒரு தவறான சொல்லைப் பிடித்துக்கொண்டு என் கவிதையை ஒரு காதல் பாட்டாக ஆக்கிவிட்டார்களே என்று அறைக்கு வரும் வரையில் மனசுக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். திண்ணை என்பது சமூக வழக்கம், வெள்ளையடிப்பது பொங்கல் வழக்கம், இதில் ரகசியம் ஒன்றுமில்லை.

தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டில் அத்தை இருந்தாள். பதினெட்டு வயதில் தாலியறுத்துத் திரும்பி வந்தவள். ராத்திரி திண்ணையில் யார் படுத்திருந்தாலும் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய் வைப்பது அவள் வேலை. கதவை ஒரு ஆள் நுழையாத அளவுக்குத் திறந்து, கையை மட்டும் நீட்டி வைப்பாள். கவிதையின் முதல் பிரதியில் அந்தச் சொம்பு இருந்தது. அநாவசியமான விவரம், இறுக்கம் குறைகிறது என்று அடித்துவிட்டேன்.