கண்டுபிடிப்பில் தொழிலாளியின் பங்கு எவ்வளவு?

பல்கலைக்கழகங்கள் தொழில்முனைவோரை உருவாக்க வேண்டும் என்கிறார்கள். ஆய்வு இதழ்க் கட்டுரையோடு நின்றுவிடக் கூடாது; காப்புரிமையாக, நிறுவனமாக மாறிச் சந்தைக்கு வர வேண்டும் என்கிறார்கள். ஒன்றிய கல்வி அமைச்சகம் 2019-இல் இதற்கென்றே ஒரு தேசியக் கொள்கை வெளியிட்டது. மாணவர் படித்துக்கொண்டே நிறுவனம் தொடங்கலாம். பேராசிரியரும் தொடங்கலாம். கல்வி நிறுவனம் இடமும் ஆய்வகமும் வழிகாட்டலும் தந்து, பதிலுக்கு அந்தத் தொழிலில் 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுத்துக்கொள்ளலாம். இதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. என் கேள்வி இந்தப் பங்குக் கணக்கைப் பற்றியது.

நான் பத்து வருடமாக வடசென்னையில் தூய்மைப் பணியாளர் குடும்பங்களோடு வேலை செய்கிறேன். இறப்புச் சான்றிதழ், இழப்பீட்டு மனு, பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதுதான் அன்றாடம். சில வருடங்களுக்கு முன்பு ஒரு பொறியியல் கல்லூரியில், பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்ய மாணவர்கள் வடிவமைத்த கருவிகளைப் பார்த்துக் கருத்துச் சொல்ல என்னை அழைத்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் குழிக்குள் இறங்கி வேலை செய்த ஒரு அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஒரு குழுவின் கருவியில் வாயுவைக் கண்டறியும் சென்சாரைக் குழியின் வாய்ப்பகுதியில் பொருத்தியிருந்தார்கள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "மேல இருந்தா என்ன தெரியும் தம்பி? அடியில கிடக்கிற சேத்தைக் கிளறும்போதுதான் விஷம் கிளம்பும்" என்றார். பிறகு சொன்னார்: "நாத்தம் அடிச்சா பயமில்ல. அடிச்சிட்டிருந்த நாத்தம் சட்டுனு நின்னா, அப்பதான் பயப்படணும்." கூட நின்ற பேராசிரியர் குறிப்பேட்டை எடுத்துவிட்டார். ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மூக்கின் மோப்ப உணர்வே மரத்துப்போகும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அண்ணன் அதைப் பக்கத்தில் நின்றவர்கள் செத்து விழுந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர். மூங்கில் பிளாச்சை உள்ளே விட்டால், கையில் வரும் அதிர்வை வைத்தே அடைப்பு மண்ணா துணியா என்று சொல்வேன் என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அன்று அவருக்கு ஒரு பொன்னாடையும் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். சென்சார் கருவியின் கைப்பகுதிக்கு இறங்கியது. ஒரு வருடம் கழித்து அந்தக் கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். மாணவர்கள் பெயர் இருந்தது, பேராசிரியர் பெயர் இருந்தது, கல்லூரி பெயர் இருந்தது. அண்ணன் பெயர் இல்லை. போன் செய்து கேட்டேன். "அவர் குடுத்தது ஃபீட்பேக் மேடம், இன்வென்ஷன் இல்லையே" என்றார்கள்.

நான் முதுகலை படித்த சமூகவியல் வகுப்பிலும் இதே கதைதான். சேரியில் உட்கார்ந்து நமக்கு மணிக்கணக்கில் விளக்கிச் சொல்பவரின் பெயர் 'தகவலாளி'. கேட்டு எழுதியவர் ஆய்வாளர். தகவல் அவருடையதாம், அறிவு நம்முடையதாம். கை வேலை ஒரு சாதிக்கு, மூளை வேலை இன்னொரு சாதிக்கு என்ற பழைய ஏற்பாடு ஆய்வகத்திலும் அப்படியே இருக்கிறது.

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 1993-இலும் 2013-இலும் சட்டம் தடை செய்தது. சாக்கடை மரணத்துக்கு 10 லட்ச ரூபாய் இழப்பீடு என்று 2014-இலும், 30 லட்சம் என்று 2023-இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றத்தில் வைக்கப்படும் மரணக் கணக்கில் தமிழ்நாடு பலமுறை முதலிடத்தில் வந்திருக்கிறது. தொழிலாளியின் சாவுக்கு ஒரு தொகை நிர்ணயமாகிவிட்டது. அவருடைய அறிவுக்கு இன்னும் ஒரு ரூபாய்கூட நிர்ணயமாகவில்லை.

நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. கேரளத்தில் குற்றிப்புரம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் செய்த 'பேண்டிகூட்' ரோபோ 2018-இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. சென்னை ஐஐடியில் உருவான 'ஹோமோசெப்', கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆள் இறங்காமலே அடியில் இறுகிய கசடைக் கரைக்கும் கருவி. சஃபாய் கர்மசாரி அந்தோலனின் துணையோடு, அதன் முதல் இரண்டு கருவிகள் 2022-இல், இந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் வழிநடத்தும் சுய உதவிக் குழுக்களுக்குத் தரப்பட்டன. இதை மனதார வரவேற்கிறேன். ஆனால் கருவியைப் பெறுவது வேறு, கருவியில் பங்கு பெறுவது வேறு. முன்னது நன்கொடை, பின்னது உரிமை.

'இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது' என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1987-இல் அகத்திய மலைக்கு ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகளுக்குக் காணிப் பழங்குடியினர் வழிகாட்டினார்கள். அவர்கள் ஒரு காட்டுச்செடியின் காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் மலையேறினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கிக் கோவையைச் சேர்ந்த ஒரு மருந்து நிறுவனத்துக்கு உரிமம் தந்தது. உரிமத் தொகை 10 லட்சம், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. அவர்களுக்காக 1997-இல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது. செடியைப் பறிக்க வனத்துறை தடை போட்டது போன்ற சிக்கல்கள் பின்னால் வந்தன. ஆனாலும் ஓர் அரசு ஆய்வு நிறுவனம் பாதிக்குப் பாதி கொடுக்க முடியும் என்று அப்போதே காட்டிவிட்டது. செடி தெரிந்தவருக்குப் பங்கு உண்டென்றால், சாக்கடை தெரிந்தவருக்கு ஏன் இல்லை?

இப்போது நடப்பதைப் பாருங்கள். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியமும் வட்டியில் 6 சதவீதச் சலுகையும் உண்டு. தேவையான திட்டம்தான். ஆனால் மீதித் தொகை பெரும்பாலும் கடன். தன் அனுபவத்தால் மேம்பட்ட இயந்திரத்தையே தொழிலாளி நாளை கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும். கண்டுபிடிப்பின் முதல் பக்கத்தில் இல்லாதவர், கடன் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் கைநாட்டு வைக்கிறார்.

பல்கலைக்கழகங்களிடம் நாம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. தொழிலாளியை அழைத்து அறிவு கேட்டால், நிபுணருக்குத் தரும் கட்டணத்தை அவருக்கும் கொடுங்கள். அவர் சொல்லி வடிவமைப்பு மாறினால், அதைப் பதிவு செய்து அவர் பெயரைச் சேருங்கள். பொதுப்பணத்தில் உருவான கருவி விற்பனைக்குப் போகும்போது, ராயல்டியில் ஒரு பகுதி தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கட்டடத்துக்கும் இணைய வசதிக்கும் 9.5 சதவீதம் வரை கேட்கத் தெரிந்த நிறுவனங்களுக்கு, இந்தக் கணக்கும் போடத் தெரியும்.

தோழர்களே, உங்கள் ஊர்க் கல்லூரியிலிருந்து 'களஆய்வு' என்று யாராவது வந்தால் தாராளமாகப் பேசுங்கள். பேசும் முன் ஒப்பந்தத்தில் நம் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்று கேளுங்கள்.