கணினியிற் குடிபெயர்தல்

நெடுங்காலம் வாழ்ந்த வீட்டை விட்டுச் செல்பவன் முதலில் எண்ணுவது புதிய வீட்டைப் பற்றியே. பழைய வீட்டிற் சேர்ந்துவிட்ட பொருள்கள் எத்தனை என்பதைக் குடிபெயரும் நாளிலேதான் அவன் உணர்கிறான். அன்றாடப் பயன்பாட்டில் விண்டோஸை விடுத்து லினக்ஸை ஏற்க விழைபவனின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, பழைய கணினிகள் பலவற்றில் இல்லாத டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பை வேண்டி நிற்கின்றது. பழுதேதுமின்றி இயங்கும் கணினியை ஒதுக்கிவிட்டுப் புதியதொன்றை வாங்குவது பொருள்வளம் குன்றிய மாணவனுக்கு எளிதன்று. அவன் பார்வை லினக்ஸின்பாற் செல்வது இயல்பே.

லினக்ஸும் ஒரு மாணவனின் முயற்சியிற் பிறந்ததே. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திற் பயின்ற லினஸ் தோர்வால்ட்ஸ், 1991இல், தமது 21ஆவது வயதில் அதன் கருவை வெளியிட்டார். 1992இல் அது குனூ பொது உரிமத்தின்கீழ் வந்தது. அதன் மூலநிரலைக் கற்கவும் திருத்தவும் பகிரவும் எவருக்கும் உரிமை கிட்டிற்று. இன்று அதனைக் கணினியில் நிறுவாமலே, ஒரு யூஎஸ்பி நினைவகத்திலிருந்து இயக்கிப் பார்க்கலாம். சில சிறப்பு மென்பொருள்கள் அதில் இயங்கா என்பது மெய்யே. எனினும் எழுதுதல், வாசித்தல், இணையத்தில் உலாவுதல் ஆகியன சில நாள்களிற் கைவந்துவிடும்.

இடர்ப்பாடு பழைய கோப்புகளிலே தோன்றுகின்றது. இலங்கைத் தமிழர் பெரிதும் பயன்படுத்திய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்களைப் பொருத்தியது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில், பல ஆண்டு உழைப்பாகிய கட்டுரையும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்சி தரும். லினக்ஸ் தன் தமிழை அழித்துவிட்டது என மாணவன் மயங்கக்கூடும். உண்மையில் அக்கோப்பிலே தமிழ் என்றும் இருந்ததில்லை. தமிழின் தோற்றமே இருந்தது. லினக்ஸ் பிறந்த அதே 1991இல் வெளிவந்த யுனிகோட்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. எனினும், நம்மிற் பலர் நெடுங்காலம் தோற்றத்துடனேயே நிறைவடைந்திருந்தோம்.

ஜேர்மனியின் மியூனிக் மாநகர சபையின் அனுபவமும் இங்கு நோக்கத்தக்கது. 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்த அச்சபை, ஆவண வார்ப்புருக்களைக் கையாளவே வொல்மக்ஸ் என்றொரு மென்பொருளை ஆக்க நேர்ந்தது. 2013 அளவில் 14,000க்கு மேற்பட்ட கணினிகள் மாற்றப்பட்டிருந்தன. ஆயினும் 2017இல் விண்டோஸுக்கு மீளுவதெனச் சபை முடிவு செய்தது. அதன் காரணங்கள் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உள. வெளியாருடன் ஆவணங்களைப் பரிமாறுவதில் நேர்ந்த இடர்கள் அப்போது எழுந்த முறைப்பாடுகளுள் ஒன்றாகும்.

ஆதலின், லினக்ஸுக்கு மாற எண்ணுபவன் முதலிற் செய்யவேண்டியதை விண்டோஸில் இருக்கும்போதே தொடங்கலாம். பாமினிக் கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த இயங்குதளத்திலும் திறக்கக்கூடிய வடிவத்தில் தன் எழுத்துகளைச் சேமித்துவைப்பவன், பின்னர் லினக்ஸில் நிலைத்தாலும் விண்டோஸுக்கே மீண்டாலும் இழப்பது சொற்பமே. கணினிகள் பழுதுறும், இயங்குதளங்கள் காலாவதியாகும். எழுதியது எழுதியவனுக்கே உரியதாய் எஞ்சுதல் வேண்டும்.