எண்ணாமல் விட்ட சுற்றுகள்

மட்டாஞ்சேரியை ஒட்டியது தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம். ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 நள்ளிரவு வரை, 52 நாட்கள், இழுவைப் படகுகள் அங்கே கட்டிக் கிடக்கும். 1988 முதல் கேரளம் கடைப்பிடிக்கும் இந்தத் தடைக்காலம் மீனுக்கு ஓய்வு, மெக்கானிக்குகளுக்கு அறுவடை. அந்த அறுவடையைப் பார்த்து எழுதப் போனவன் நான். இடையூறு செய்துவிட்டுத் திரும்பினேன்.

ஒரு படகின் ஹைட்ராலிக் வின்ச்சில் கோளாறு. வலையை விடுகையில் டிரம் சீராகச் சுழன்றது, இழுக்கையில் தளர்ந்தது. மோட்டாரின் மேல் அமர்ந்திருக்கும் வால்வு பிளாக்கில் திசைக்கு ஒன்றாக இரண்டு ரிலீஃப் வால்வுகள் உண்டு. வலை பாறையில் சிக்கி அழுத்தம் வரம்பு மீறினால், உரிய வால்வு திறந்து எண்ணெயை மறுபக்கம் விட்டு மோட்டாரைக் காக்கும். அது முழுதாக மூடாவிட்டால் இழுவிசை வீணாகும். மட்டாஞ்சேரிக்காரரான மெக்கானிக்கை எல்லோரும் ‘இக்கா’ என்றே அழைத்தார்கள். அவர் பிளாக்கின் மீது கைவைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் சுட்டது. குறுகிய இடைவெளியில் எண்ணெய் பீறிடுகையில் அதன் அழுத்தம் வெப்பமாக மாறுகிறது. கோளாறான வால்வைச் சூடே காட்டிக்கொடுக்கிறது.

எஞ்சினை நிறுத்தி, லீவரை இருபுறமும் அசைத்து எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றினார். பிளாக்கை டீசலால் கழுவி, நைந்த பழைய லுங்கித் துணியால் துடைத்தார். வேஸ்ட் நூலைத் தொட விடவில்லை. உள்ளே இருக்கும் இடைவெளிகள் தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு. ஓர் இழை போதும். பிறகு ஸ்பேனரை என்னிடம் தந்தார்.

1952இல் கையெழுத்தான இந்திய–நார்வே மீன்வளத் திட்டம் குறித்து, ‘தொழில்நுட்பக் கைமாற்றம்’ என்ற சொல்லைத் தாராளமாகத் தூவி, ஓர் இயல் முழுவதும் எழுதியவன் நான். முந்தைய இரவு வால்வின் வெட்டுத்தோற்றப் படத்தையும் மனப்பாடம் செய்திருந்தேன். பெரிய அறுகோணத்தைத் திருப்பினால் வால்வு முழுதாகக் கழன்று வரும். நானோ நுனியிலிருந்த சிறிய நட்டைத் தளர்த்தி, அதனுள்ளிருந்த திருகையும் சுற்றிவிட்டேன். அழுத்த வரம்பைத் தீர்மானிப்பது அந்தத் திருகு.

“எத்தனை சுற்று, மோனே?”

எண்ணவில்லை. கள ஆய்வுக் குறிப்பேடு என் சட்டைப் பையிலேயே இருந்தது.

வால்வின் இருக்கையில் ஒரு கறுப்பு ரப்பர்த் துணுக்கு கிடந்தது. ஏதோ ஒரு ஹோஸின் உட்சுவர் உரிந்திருக்கிறது. அதையும் தேடி மாற்றியாக வேண்டும். பழுது அவ்வளவுதான். ஓ-ரிங் புதிதாக்கி ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். மறுபக்க வால்வின் அளவு வேறு என்பதால் அதைப் பார்த்து இதை வைக்கவும் வழியில்லை. அழுத்தமானி வேறொரு படகில் இருந்தது. அன்று ஜூலை 30. ஐஸுக்கும் டீசலுக்கும் படகுகள் வரிசையில் நின்றன. ஸ்ராங்கு ஒன்றும் பேசவில்லை. குளச்சல்காரத் தொழிலாளி ஒருவர்தான் மெதுவாகச் சொன்னார்: “மத்த போட்டெல்லாம் நாளைக்கு ராத்திரி போயிரும், தம்பி.”

அழுத்தமானி மறுநாள் நண்பகலில் வந்தது. டிரம்மைப் பூட்டி, திருகை முழுதும் தளர்த்தி, கால் சுற்றாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைப் பார்த்தோம். 120 பாரில் இக்கா கையைக் காட்டினார். நட்டை அவரே இறுக்கினார்.

“இனி எழுது. உன் வேலை அதுதானே.”

இழுக்கும் பக்கம், 120 பார், வெளியே தெரியும் மரைகள் ஏழு. நேர்காணல் குறிப்புகளுக்கு நடுவே எண்ணெய்க் கறையோடு அந்த வரி இருக்கிறது. அதே வரியை மார்க்கரால் வீல்ஹவுஸ் சுவரிலும் எழுதச் சொன்னார். படகு அன்றிரவு டீசல் வரிசையில் கடைசியாக நின்றது.