நிந்தவூர் வட்டையில் ஒரு பாலாமை

அக்கரைப்பற்று வீதியிலிருந்து மேற்கே இறங்கி நடந்தால் நிந்தவூரின் வீடுகள் முடிந்து வட்டை தொடங்குகிறது. சிறுபோக வெள்ளாமை வெட்டியாகிவிட்டது. வாய்க்காலில் கணுக்கால் அளவே தண்ணீர். கீழே கறுத்த சேறு. முன்னால் போன விவசாயிக் காக்கா கையை நீட்டி என்னை மறித்தார்.

"நில்லுங்க தம்பி. வரம்புல பாலாமை."

காலடி கேட்டதும் அது அடைத்துக்கொண்டது. எட்ட இருந்து குந்திப் பார்த்தோம். மேலோட்டில் செதில்களே இல்லை, வழுவழுப்பான தோல்தான். வயிற்றோட்டின் முன்பகுதி எழும்பித் தலையை மூடியிருந்தது. பின்னால் இரண்டு தோல் மடல்கள் பின்னங்கால்களை மூடியிருந்தன. வடகிழக்கு இந்தியாவிலிருந்து இந்தோனேசியா வரை வாழும் பெட்டி ஆமைக்கு வயிற்றோட்டின் குறுக்கே ஒரு பிணைச்சல் உண்டு. இரு பாதியும் எழும்பி எலும்போடு எலும்பாக இறுகிவிடும். இலங்கையில் அந்த ஆமை இல்லை. பாலாமையில் அந்த வேலையில் பாதியை எலும்பும் மீதியைத் தோலும் செய்கின்றன.

சற்று நேரத்தில் குழாய்போல நீண்ட மூக்கு வெளியே வந்தது. அந்த நுனியை மட்டும் நீர்மேல் நீட்டி, உடம்பைச் சேற்றுக்குள் வைத்தபடி அது மூச்சுவிடும். நத்தை, தவளை, மீன், பாசி, செத்த பிராணி என்று கிடைப்பதையெல்லாம் தின்னும். 1856இல் விலங்கியலாளர் கிரே இதற்குப் பெயரிட்டார். நெடுங்காலம் இந்தியப் பாலாமையின் ஒரு வகையாகவே இதை எண்ணினார்கள்; 2011இல் வெளியான மரபணு ஆய்வுதான் இலங்கைக்கே உரிய தனி இனம் என்று நிறுவியது. ஆக, இந்த வரம்பில் கிடந்தது உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத உயிர். எனக்கு அதை நினைக்கவே பெருமையாக இருந்தது.

"ஆரும் புடிக்கிறல்லையா, காக்கா?"

"நம்மட ஆக்கள் தின்ன மாட்டாங்க, ஹராம்தானே. வாய்க்கால் வத்தினா இதுகள் வரம்பேறித் தண்ணி தேடிப் போகும். கிடைக்காட்டி சேத்துக்குள்ள தாண்டு கிடக்கும், மாரி வரைக்கும்."

இங்குள்ள முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் அந்த விலக்கு இந்த ஆமைகளுக்குப் பெரிய காவல். சட்டத்தின் பாதுகாப்பும் இருக்கிறது. ஆனால் மாரி வரை தாண்டு கிடக்கச் சேறு வேண்டுமே. சற்றுத் தள்ளி வாய்க்கால் கொங்கிறீற்றாக மாறியது. அடியில் மண் இல்லை, சுவர் செங்குத்து. உள்ளே கடின ஓட்டுக் கறுப்பாமை ஒன்று சுவரோடு நிமிர்வதும் சறுக்குவதுமாக இருந்தது. காக்கா இறங்கித் தூக்கி வரம்பில் விட்டார்.

கடைமடை வரை தண்ணீர் போக கொங்கிறீற்று தேவை என்பதில் அவருக்கு மறுப்பில்லை, எனக்கும் இல்லை. ஆனால் இடைக்கிடை ஒரு சுவரையாவது சரிவாகக் கட்டலாம், சில இடங்களில் அடியை மண்ணாகவே விடலாம். அதற்குப் பெரிய செலவு வராது. பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் இதைச் சொல்லும்படி கேட்டேன்.

"நான் சொல்றன். நீங்களும் வாங்க தம்பி, ரெண்டு பேர் சொன்னா எழுதுவாங்க."

வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.