இறக்கமும் இரக்கமும்

தருமபுரியிலிருந்து சேலத்துக்குச் செல்வோர் யாவரும் தொப்பூர்க் கணவாயைக் கடந்தே ஆகவேண்டும். காஷ்மீரத்துச் சிறீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் நெடுஞ்சாலை, இவ்விடத்தில் மலைகளுக்கிடையே வளைந்து நெளிந்து கீழிறங்குகிறது. முன்பு அதற்கு ஏழாம் எண், இப்போது 44. இரு மாவட்டங்களுக்கு எல்லை இதுவே. 1997ஆம் ஆண்டு சேலம் மறைமாவட்டத்திலிருந்து தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தபோது திருச்சபைக்கும் இதுவே எல்லையாயிற்று. ஆதலால் நம்மைப் போன்ற குருக்கள் கூட்டங்களுக்கும் தியானங்களுக்கும் அடக்கச் சடங்குகளுக்குமாக இச்சாலையில் எத்தனை முறை போய் வந்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை.

போய் வரும்போதெல்லாம் நம் காதில் விழுவன ஓட்டுநர்களின் சொற்கள். தேநீர்க் கடைகளிலும், சக்கரத்துக்குக் காற்றுப் பிடிக்கும் இடங்களிலும், பழுதாகி நிற்கும் லாரிகளின் அருகிலும் அவர்கள் பேசிக்கொள்ளும் சொற்கள் ஐந்தாறுதான். இறையியல் நூல்களில் நாம் கற்றவற்றைவிட அச்சொற்கள் சில வேளைகளில் நம்மை அதிகமாகச் சிந்திக்க வைத்திருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதற்சொல் இறக்கம். 'இறக்கத்துல பாத்துப் போங்க சாமி' என்று வழியனுப்பாதவர் எவருமில்லை. நம் பக்கத்து மக்கள் பேசும்போது வல்லின றகரத்துக்கும் இடையின ரகரத்துக்கும் அதிக வேறுபாடு காட்டுவதில்லை. எனவே கேட்கும் செவிக்கு அது 'இரக்கம்' என்றே ஒலிக்கும். குருமடத்தில் நமக்குத் தமிழ் கற்பித்த ஐயா இதைக் கேட்டிருந்தால் பிரம்பை எடுத்திருப்பார். இறங்குதல் வேறு, இரங்குதல் வேறு. அகராதி இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. மொழி நூலார் பிரித்து வைத்ததை ஒன்றாக்க நாம் முயலவில்லை. ஆனால் நற்செய்தியில் இவ்விரண்டும் ஒரே சாலையில் சந்திக்கின்றன என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வரும் அச்சாலையும் ஒரு மலை இறக்கமே. எருசலேம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் உள்ளது. எரிகோவோ கடல்மட்டத்துக்கும் கீழே ஏறத்தாழ 250 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. ஆக, முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் ஆயிரம் மீட்டர் இறக்கம்! தொப்பூரைக் கண்டவர்க்கு அவ்வழியின் கடுமையை விளக்க வேண்டியதில்லை. கள்வர் கையில் அகப்பட்டவன் அவ்வழியே இறங்கிச் சென்றவன் என்கிறார் நற்செய்தியாளர். பின்னால் வந்த குருவுக்கும் அதே வினைச்சொல்லைத்தான் கையாள்கிறார். அவரும் இறங்கித்தான் வந்தாராம். இது சிறு செய்தியன்று. தீட்டுப்பட்டால் ஆலயப் பணி செய்ய முடியாதே என அஞ்சி அவர் விலகிச் சென்றிருக்கலாம் என்று நாம் மறையுரைகளில் அவருக்காக வாதாடுவதுண்டு. அவரோ எருசலேமுக்கு ஏறிச் செல்லவில்லை, அங்கிருந்து இறங்கி வருகிறார். பணி முடித்துத் திரும்புபவருக்கு அந்தச் சாக்கும் இல்லை. குருத்துவ உடை தரித்த நாம் இப்பகுதியை வாசிக்கும்போது குரல் சற்றுத் தாழ்வது இயல்பே.

சமாரியன் வந்தான், கண்டான், இரங்கினான். மூல கிரேக்கத்தில் அச்சொல் குடலின் அசைவைக் குறிப்பது. 'வயிறு கலங்கிற்று' என்று நம் தாய்மார் கூறுவார்களே, அதுதான். இரங்கியவன் வாகனத்தின் மேலிருந்தபடியே இரங்கவில்லை. இறங்கினான். காயத்தைக் கட்டக் குனிந்தான். அடிபட்டவனைத் தன் விலங்கின்மேல் ஏற்றிவிட்டான். தான் கடைசிவரை நடந்தே சென்றிருக்க வேண்டும்.

தொப்பூரில் இது உவமையாக நிற்பதில்லை. 2020 டிசம்பர் 12 அன்று கட்டுப்பாட்டை இழந்த சரக்கு லாரி ஒன்று, முன்னே சென்ற பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள்மீது மோத, நால்வர் உயிரிழந்தனர். 2024 சனவரி 24 அன்று மீண்டும் ஒரு கோர விபத்து, அப்போதும் நால்வர். ஏடுகளில் இடம்பெறாத சிறு விபத்துகள் எத்தனையோ. இத்தகைய இடங்களில் முதலில் ஓடி வருபவர்கள் அக்கம்பக்கத்து ஊரார், தேநீர்க் கடைக்காரர், பின்னால் வரும் லாரியின் ஓட்டுநர். முன்பு அவர்களுக்கும் தயக்கம் இருந்தது. தூக்கிக்கொண்டு போனால் காவல் நிலையம், சாட்சி, நீதிமன்றம் என்று அலைய வேண்டுமே என்ற அச்சம். 2016இல் உச்ச நீதிமன்றம், உதவி செய்வோரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு ஒப்புதல் அளித்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ என்னும் பிரிவே சேர்க்கப்பட்டது. அச்சட்டம் அவ்வாறு உதவுகிறவருக்குச் சூட்டியுள்ள பெயர் 'நல்ல சமாரியர்' என்பதே. பல சமயத்தார் வாழும் நாட்டின் சட்ட நூலுக்குள் நம் ஆண்டவர் சொன்ன கதையின் நாயகன் நுழைந்துவிட்டார்! அதே 2020 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'ஃபிரத்தெல்லி தூத்தி' சுற்றுமடல், தன் இரண்டாம் இயல் முழுவதையும் இவ்வுவமைக்கே ஒதுக்கியிருப்பதையும் அன்பர்கள் அறிவர்.

சந்தையில் விலை பேசும்போது 'கொஞ்சம் இறங்கி வாங்க' என்கிறோம். கணவன் மனைவி பிணக்கிலும், பங்காளிச் சண்டையிலும், ஏன், பங்குப்பேரவைக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் இறங்கி வராமல் எதுவும் தீர்வதில்லை. பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுலடியார் கிறிஸ்துவைப் பற்றிச் சொல்வதும் இதுவே: படிப்படியாக இறங்கினார், அடிமை நிலை வரை, சாவு வரை, அதிலும் சிலுவைச் சாவு வரை. கடவுளின் இரக்கத்தை அளக்க வேண்டுமானால் அவர் இறங்கிய ஆழத்தைத்தான் அளக்க வேண்டும் போலும்.

இனி அடுத்த சொல்லுக்கு வருவோம். அது நியூட்ரல். தமிழ்ச்சொல் அன்றெனினும் தொப்பூரில் அதைப்போல் பழகிய சொல் வேறில்லை. கனரக வண்டி மலையிலிருந்து இறங்கும்போது, ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது மூத்த ஓட்டுநர்களின் பாடம். கியரில் இருக்கும்வரை இயந்திரமே சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நியூட்ரலில் தள்ளிவிட்டாலோ இயந்திரத்துக்கும் சக்கரத்துக்கும் உறவு அற்றுவிடுகிறது. பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. அடிக்கடி மிதிக்க மிதிக்க அது சூடேறி, பிடிமானம் இழந்து, வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிடுகிறது.

ஏன் நியூட்ரலில் இறக்குகிறார்கள்? டீசல் மிச்சம். ஒரு பயணத்துக்கு இவ்வளவு டீசல் என்று கணக்கிட்டுத் தருகிற முதலாளிகள் உண்டு. அதில் மிஞ்சுவது ஓட்டுநர் வீட்டுக்கு அரிசியாகவோ பிள்ளையின் நோட்டுப் புத்தகமாகவோ போய்ச் சேரும். குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு இவர்களைப் 'பொறுப்பற்றவர்கள்' என்று பேசுவது எளிது.

நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில் இத்தகைய ஓட்டுநர் ஒருவர் இருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் இந்த இறக்கத்தில் அவருடைய லாரி மலையோரத்தில் மோதிற்று. அவர் ஒரு காலில் பலத்த காயத்தோடு தப்பினார். அருகில் அமர்ந்திருந்த கிளீனர் பையன் தப்பவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஓட்டுநரின் மனைவி நம்மிடம் கேட்டார்: 'நியூட்ரல்ல வந்ததுதான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க சாமி. கடவுள் தண்டிச்சுட்டாரா?'

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தியை இயேசு குறிப்பிடுகிறார். இறந்தவர்கள் மற்றவரைவிடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை அவர் அடியோடு மறுக்கிறார். கோபுரங்கள் விழுவதற்கும் லாரிகள் கவிழ்வதற்கும் காரணங்கள் உண்டு. அவற்றைக் கண்டறிந்து திருத்தவேண்டியது நம் கடமை. அவற்றின்மீது கடவுளின் சினம் என்று முத்திரை குத்த நமக்கு அதிகாரம் இல்லை. இதை அந்தத் தாழ்வாரத்தில் இவ்வளவு விரிவாகக் கூறவில்லை. 'தண்டிக்கவில்லை அம்மா' என்று மட்டும் கூறினோம். 'அப்போ அந்தப் பையன்?' என்றார். அதற்கு நாம் சேர்ந்து அமர்ந்திருந்ததைத் தவிர வேறு மறுமொழி நம்மிடம் இல்லை.

நியூட்ரல் என்பதை நடுநிலை என்று மொழிபெயர்த்துவிடலாகாது. நடுநிலை என்பது துலாக்கோலின் பண்பு. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். துலாக்கோல் இரு தட்டுகளோடும் பிணைந்திருப்பதாலேயே சமனாக நிற்கிறது. நியூட்ரலோ எதனோடும் பிணையாத நிலை. திருவெளிப்பாட்டு நூலில் இலவோதிக்கேயா சபை பெறும் கண்டனம் இந்த நிலையைப் பற்றியதே என்று நமக்குத் தோன்றுகிறது. அந்நகருக்கு ஒரு பக்கம் எராப்போலியின் வெந்நீர் ஊற்றுகள், மறுபக்கம் கொலோசையின் குளிர்ந்த நீர், இரண்டும் பயன்படுபவை. இடையே வந்து சேர்ந்த வெதுவெதுப்பான நீரைத்தான் வாயில் வைக்க முடியவில்லை.

நோய்த்தொற்றுக் காலத்தில் இதைக் கண்கூடாகக் கண்டோம். 2020 ஏப்ரல் 12 அன்று உயிர்ப்புப் பெருவிழாவை மக்களின்றிப் பூட்டிய கோவிலுக்குள் கொண்டாடினோம். தொலைக்காட்சியில் திருப்பலி கண்டோர் தொடக்கத்தில் முழந்தாளிட்டனர், பின்னர் அமர்ந்தனர், சிலர் சாய்ந்துகொண்டனர். கோவில் கதவு திறந்த பின்னும் வாராதிருந்தவர்களை வீடு தேடிச் சென்றபோது எவரும் விசுவாசத்தை மறுதலிக்கவில்லை. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இறக்கத்தில் எந்த வண்டியும் ஓடும் அல்லவா? அதே நாள்களில், அதுவரை ஞாயிறு தவறிய சிலர் உணவுப் பொட்டலங்களைச் சுமந்துகொண்டு நெடுஞ்சாலையில் நடந்து சென்ற வடமாநிலத் தொழிலாளருக்குக் கொடுத்ததையும் கண்டோம். அவர்கள் எந்தக் கியரில் இருந்தார்கள் என்பதை ஆண்டவர் அறிவார்.

அந்நாள்களில் பிறந்த இன்னொரு சொல் 'பாஸ்'. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் வேண்டும். தந்தையின் அடக்கத்துக்குப் போகத் துடித்தவர்கள் எல்லையில் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நின்றனர். 2020 செப்டம்பர் முதல் நாளன்றுதான் மாவட்டங்களுக்கிடையே அத்தடை நீங்கிற்று. பாஸ் என்பதற்கும் நம் பாஸ்காவுக்கும் ஒலி ஒற்றுமையன்றி உறவில்லை. பின்னது எபிரேய வேரிலிருந்து வந்தது. எனினும் பாஸ்கா என்றாலும் கடத்தல், கணவாய் என்றாலும் கடக்கும் வழி. எகிப்திலிருந்து புறப்பட்ட மக்களிடம் எவரும் பாஸ் கேட்கவில்லை என்று இளைஞர் ஒருவர் மறைக்கல்வி வகுப்பில் சொல்ல, எல்லாரும் சிரித்தனர். பார்வோன் கேட்டுக்கொண்டுதானே இருந்தான் என்று நாம் திருத்த வேண்டியதாயிற்று.

கணவாயை அடுத்துப் பாளையத்தில் சுங்கச்சாவடி இருக்கிறது. நெடுஞ்சாலைகளில் இவை முளைப்பதற்கு நெடுங்காலம் முன்பே விவிலியத்தின் வழியாக இச்சொல்லை அறிந்தவர்கள் கத்தோலிக்கர். மத்தேயு அமர்ந்திருந்த இடம் அது. சாவடி என்பதன் பழம்பொருளோ வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். சமாரியன் தன் கைப்பணத்தைக் கொடுத்துக் காயம்பட்டவனை விட்டுச்சென்றதும் அத்தகைய ஓர் இடத்தில்தான்.

கடைசியாக, பிழைப்பு. 'பிழைப்புக்காக ஓட்டுறேன் சாமி' என்பார் ஓட்டுநர். விபத்தில் தப்பியவரையும் 'பிழைத்துக்கொண்டார்' என்கிறோம். தவறுக்கும் பிழை என்றே பெயர். தொழிலையும் உயிர் தப்புதலையும் குற்றத்தையும் ஒரே சொல்லில் தமிழ் எப்படிக் கட்டிவைத்தது! உயிர்ப்பு இரவில் பாடும் பாஸ்கா புகழுரை, ஆதாமின் குற்றத்தையே வாழ்த்தத் துணிகிறது. குருப்பட்டம் பெற்ற நாள் முதல் அதைப் பாடி வருகிறோம். அந்த வரிகளை இலேசாகக் கடந்து செல்ல இப்போதெல்லாம் முடிவதில்லை.

நாம் குறிப்பிட்ட அந்த ஓட்டுநர் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். லாரித் தொழிலை விட்டுவிட்டு, ஊரிலேயே சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டுகிறார். நாம் அப்பங்கில் இருந்த காலத்தில் ஆண்டுதோறும் விபத்து நடந்த நாளன்று அவர் மனைவி திருப்பலிக்கருத்துச் சீட்டோடு வருவார். முதலாண்டு 'நன்றியா, ஆன்ம இளைப்பாற்றியா, எதைக் குறிக்கட்டும்?' என்று கேட்டோம். 'ரெண்டும் ஒண்ணாப் போடுங்க சாமி' என்றார். அவ்வாறே கிளீனர் பையனின் பெயர் முதலிலும் கணவர் பெயர் அடுத்தும் வாசிக்கப்பட்டன. நாம் மாற்றலாகி வருவதற்கு முந்தைய ஆண்டு சீட்டை அவரே கொண்டுவந்தார். பள்ளிப் பிள்ளையின் கையெழுத்தைப் போல் பெரிய பெரிய எழுத்துகள். பையனின் பெயர் மட்டும் இருந்தது. 'உங்கள் பெயர்?' என்று கேட்டோம். 'நான்தான் கோவிலுக்கு வந்துடுவேனே சாமி' என்று சொல்லிவிட்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு படியிறங்கிச் சென்றார்.