அடுக்குவதும் ஆராய்வதும்

அறிஞர் கூற்றுகளை வரிசையாக அடுக்கிவிட்டால் ஆய்வுக் கட்டுரை ஆகிவிடும் என்று நம்மில் பலர் கருதுகின்றோம். அது வெறும் விவரிப்பே, ஆராய்ச்சியன்று. பிழைப்புக்காக ஆலுவாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எனக்கு இவ்வேறுபாட்டை உணர்த்தியது பெரியாறுதான்.

2024 மே மாதம், ஏலூர்–எடயார் தொழிற்பகுதியை ஒட்டிய ஆற்றில் மீன்கள் திரள்திரளாகச் செத்து மிதந்தன. வராப்புழைப் பகுதியில் கூண்டுகளில் மீன் வளர்த்தோர் முதலையே இழந்தனர். பாதாளம் தடுப்பணையின் மதகுகளைத் திறந்தபோது பிராணவாயு குறைந்த நீர் பாய்ந்ததே காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நீரில் அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் கொல்லும் அளவில் இருந்தன என்றனர் மீன்வளப் பல்கலைக்கழகத்தார்.

இவ்விரண்டையும் எழுதியதோடு விவரிப்பு முடிகிறது; ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது. நீரை எங்கே, எப்போது எடுத்துச் சோதித்தனர்? பிராணவாயு அற்ற அடிச்சேற்றிலும் ஹைட்ரஜன் சல்பைடு பிறக்குமே. அங்ஙனமாயின் இக்கூற்றுகள் ஒன்றையொன்று மறுக்கின்றனவா, தழுவுகின்றனவா? பிராணவாயுவைத் தின்ற கழிவு எங்கிருந்து வந்தது?

மீன் வளர்த்தோர்க்கு ஈடு கொடுக்க வேண்டியவர் யார் என்பது இக்கேள்விகளின் விடையில் அடங்கியுள்ளது. இரு தரப்பையும் சொல்லி ஒதுங்குவது நடுநிலைமை ஆகாது. தோழர்களே, சான்றுகளை எடைபோட்டு, நம் முடிவையும் துணிந்து எழுதுவோம்!